பெயரில்லா இசைத்தட்டுகள்

இசைத்தட்டின் சிறப்பை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தோட்டத்து லயத்திலும் பட்டினத்துக் கடை மாடியிலும் பாட்டுக் கேளாத காது இல்லை. ஆனால் கேட்கும் பாட்டு எவ்வழியாக நம் காதுக்கு வந்து சேர்ந்தது, அதற்காக உழைத்தவர் யார், அவ்வுழைப்பின் பலனை உண்டவர் யார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்போர் நம்மில் மிகச் சிலரே. இம்மூன்றையும் ஒருங்கே எழுப்புகின்ற ஒருவகை இசைத்தட்டு மேல்நாட்டில் உண்டு. பாடகரின் சம்மதமும் கம்பெனியின் சம்மதமும் இன்றிக் கச்சேரி மண்டபத்திலேயே மறைவாகப் பதிந்து, வெளியிட்டவர் பெயரில்லாத உறையில் இட்டு விற்கப்பட்ட தட்டுகள் அவை. அமெரிக்கர் அவற்றைப் ‘பூட்லெக்’ என்பர். அவற்றைத் தேடிச் சேர்ப்போர் அவற்றின் வரலாற்றை வீரக் கதையாக எழுதுகின்றனர். கம்பெனியார் அதையே திருட்டுக் கதையாக எழுதுகின்றனர். இரு தரப்பாரும் உண்மையிற் பாதியையே கூறுகின்றனர் என்பது நம் அபிப்பிராயம். அஃது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

முழங்காலளவு உயர்ந்த பூட்ஸின் மேற்பகுதிக்கே ‘பூட்லெக்’ என்று பெயர். அதனுள் சாராயப் புட்டியைச் செருகி மறைத்துக் கொண்டுபோய் விற்றவரை அச்சொல்லால் குறித்தனர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைபெற்றபோது அச்சொல் ஊரெங்கும் பரவியது. நம் நாட்டில் கள்ளச் சம்சு என்றால் எப்பொருள் தோன்றுமோ அப்பொருளே அங்கும். பின்னர் அது மறைவாக விற்ற இசைத்தட்டுக்கும் பெயராயிற்று.

பொதுமக்கள் இத்தகைய தட்டுகள் யாவற்றையும் ஒரே மூட்டையிற் கட்டிவிடுவது வழக்கம். அது தவறு. கம்பெனி வெளியிட்ட தட்டையே உறையும் முத்திரையும் உட்பட அச்சொட்டாக அடித்து விற்பது ஒருவகை. இதனைப் போலி எனலாம். கம்பெனி வெளியிட்ட பாட்டை வேறு பெயரும் வேறு உறையும் இட்டு விற்பது மற்றொரு வகை; இதனைக் கள்ளப்படி எனலாம். எந்தக் கம்பெனியும் வெளியிடாத கச்சேரியையோ, பெட்டியிற் பூட்டி வைத்த பாட்டையோ வெளிக்கொணர்ந்து விற்பது மூன்றாம் வகை. இதற்கு மறைபதிவு என்று நாம் பெயரிடுகின்றோம். போலியை வாங்குகிறவன் ஏமாறுகிறான். மறைபதிவை வாங்குகிறவன் தெரிந்தே வாங்குகிறான். நம் ஆராய்ச்சி பெரும்பாலும் மூன்றாம் வகையைப் பற்றியது.

அரங்கின்மேல் ஒரு கருவி

மறைபதிவுக்கு மூலவர் என்று பலராலும் சொல்லப்படுபவர் கள்ளரும் அல்லர், வணிகரும் அல்லர். நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் ஆப்பரா என்னும் இசைநாடக அரங்கில் இசையேடுகளைக் காத்துவந்த லயனல் மேப்பிள்சன் என்பவரே அவர். 1900இல் அவர் எடிசன் போனோகிராப் கருவி ஒன்றை விலைக்கு வாங்கினார். மெழுகுருளையில் ஒலியைப் பொறிக்கும் கருவி அது. ஓர் உருளையில் இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று நிமிஷப் பாட்டே அடங்கும். 1901 முதல் 1903 வரை, மேடையில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் பதிவு செய்தார். முதலில், நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்போர் மேடையின் முன்புறத்தில் அமரும் குழியிலிருந்து பதிந்தார். பிறகு, மேடைக்குமேல் ஏறத்தாழ 40 அடி உயரத்தில் உள்ள நடைபாலத்திற் கருவியை ஏற்றி வைத்துப் பதிந்தார்.

அவ்வுருளைகளைக் கேட்டால் முதலில் இரைச்சலே கேட்கும். பாடகர் மேடையின் ஒரு கோடிக்கு நடந்தால் குரல் மங்கும். திரும்பி வந்தால் ஓங்கும். உச்சக்கட்டத்துக்கு முன்பே உருளை முடிந்துவிடுவதும் உண்டு. இருப்பினும், அந்த இரைச்சலுக்குள் ஒரு காலமே உயிரோடிருக்கிறது. அக்காலத்து இசைநாடகப் பாடகருள் தலைசிறந்தவர் என்று போற்றப்பட்ட போலந்து நாட்டு ஷான் டி ரெஸ்கேயின் குரல் நமக்கு இன்று கிடைப்பது அவ்வுருளைத் துணுக்குகளில் மட்டுமே. மேப்பிள்சன் அவற்றை விற்றுப் பிழைக்கவில்லை. 1937இல் அவர் இறந்தார். 1985இல் நியூயார்க் பொது நூல்நிலையத்தார் அவற்றை ஆறு தட்டுகளாக வெளியிட்டனர். மெழுகு, கேட்கக் கேட்கத் தேயும் பொருள். அதனைக் காப்பாற்றிக் கொடுத்தவரைக் கள்ளர் என்று நாம் கூறுவோமாயின், அச்சொல்லுக்குப் பொருளே இல்லாமற் போகும்.

பாதிக் கச்சேரி

எனினும், காப்பவர் யாவரும் முழுதும் காப்பவர் அல்லர். 1947ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஹை-டி-ஹோ என்னும் விடுதியில் சார்லி பார்க்கர் என்னும் நீக்ரோ மேதை சாக்ஸபோன் வாசித்தார். ஜாஸ் இசையின் போக்கையே திருப்பியவர் அவர். டீன் பெனடெட்டி என்னும் இளைஞர், தாமும் சாக்ஸபோன் வாசிப்பவர், தட்டுவெட்டும் கருவியை விடுதிக்கே கொண்டுபோய் நாள்தோறும் பதிவு செய்தார். 1948இல் நியூயார்க் சென்றபோது, அப்பொழுதுதான் புதிதாக வந்திருந்த காகித டேப்பிலும் பதிந்தார். பதிவு செய்யும் பொருள் விலை மிகுந்தது; அவரிடம் பணம் குறைவு. ஆதலால் பார்க்கர் தனித்து வாசிக்கத் தொடங்கும்போது கருவியை முடுக்குவார்; அவர் முடித்ததும் நிறுத்திவிடுவார். பெனடெட்டி 1957இல் மாண்டார். அவருடைய பதிவுகள் 1990இல் மொசெய்க் என்னும் நிறுவனத்தால் ஏழு குறுந்தட்டுகளாக வெளிவந்தன.

பார்க்கரைப் படிப்போருக்கு அது பெரும் புதையல். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஹை-டி-ஹோ விடுதியில் வாசித்த குழுவின் தலைவர் பார்க்கர் அல்லர். ஹோவர்ட் மெக்கீ என்னும் எக்காளக் கலைஞரே தலைவர். பியானோ வாசித்தவர் ஹாம்ப்டன் ஹாஸ். மத்தளம் தட்டியவர் ராய் போர்ட்டர். இரவெல்லாம் பார்க்கருக்குத் தாளமும் சுரமும் தாங்கிக் கொடுத்த அவர்கள், தங்கள் முறை வந்து தனித்து வாசிக்கத் தொடங்கியதும் கருவி நின்றுபோகும். தலைவருடைய வாசிப்பே அவருடைய கச்சேரியின் பதிவில் இல்லை! பெனடெட்டியின் ஏழ்மையை நாம் அறிவோம். அவர்மேற் பழி சுமத்தவில்லை. ஆயினும், ஒருவரை வானளாவப் புகழ்வதற்கு மற்றவரை அழித்துவிடும் கேட்கும் முறை நியாயமானதுதானா என்று கேட்கின்றோம். இந்தக் குறை பெனடெட்டியோடு பிறந்ததன்று, அவரோடு மாண்டதுமன்று.

கம்பெனியாரின் இரு முகம்

இனிக் கம்பெனியார் பக்கம் வருவோம். பாடகரின் எழுத்துமூலமான சம்மதமின்றி அவர் பாட்டைத் தட்டிற் பதிவது குற்றம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1925இலேயே ஒரு சட்டம் செய்தது. அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அந்நாட்டின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டை இயற்றியவருக்குத் தட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் கொடுக்கச் சொல்லிற்று. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆதலால் அங்கே மறைபதிவு வழக்குகள் மாநில நீதிமன்றங்களில், நியாயமற்ற போட்டி என்னும் பெயரால் நடந்தன. 1950இல் மெட்ரோபாலிட்டன் அரங்கத்தார் தொடுத்த வழக்கு அத்தகையது. அவர்களுடைய இசைநாடகங்கள் வானொலியில் வந்தபோது அவற்றைத் தட்டிற் பதிந்து விற்ற வாக்னர்-நிக்கல்ஸ் என்னும் கம்பெனியை நீதிமன்றம் தடுத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மேப்பிள்சன் கருவியை ஏற்றி வைத்த அதே அரங்கு அது என்பதை வாசகர்கள் நினைவு கூர்வார்களாக.

ஆனால் மறுவருஷமே கம்பெனியாரின் மற்றொரு முகம் தெரிந்தது. டான்ட்டி போலட்டினோ என்னும் இளைஞர் ஜாலி ராஜர் என்ற பெயரில் தட்டுகள் வெளியிட்டு வந்தார். ஜாலி ராஜர் என்பது கடற்கொள்ளைக்காரர் கொடியின் பெயர். அவர் தம் தொழிலை ஒளிக்கவில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் முதலிய ஜாஸ் கலைஞர்களின் பழம் பாட்டுகளைக் கம்பெனியார் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டு வெறுமனே வைத்திருந்தனர். அவற்றைத்தான் அவர் அடித்து விற்றார். நாம் மேலே வகுத்தபடி அது கள்ளப்படியே. 1951இல் வெளியான செய்தி என்னவெனில், விக்டர் கம்பெனியின் பாட்டுகளையும் கொண்ட அத்தட்டுகளைக் கூலிக்கு அச்சடித்துக் கொடுத்தது விக்டர் கம்பெனியின் தொழிற்சாலையே என்பது! வாயிற்கதவில் “கள்ளர் ஜாக்கிரதை” என்று எழுதிவிட்டுப் பின்கதவால் கள்ளருக்குக் கூலிவேலை செய்த கதை இது. 1952இல் கொலம்பியா கம்பெனியும் ஆம்ஸ்ட்ராங்கும் வழக்குத் தொடர்ந்தனர். ஜாலி ராஜர் மூடப்பட்டது. அப்போதுதான் பழைய ஜாஸ் பாட்டுகளுக்கு விலையுண்டு என்பதைக் கம்பெனியார் கண்டுகொண்டனர்.

வெள்ளை உறை

இவ்வரலாற்றிற் பெரும் புகழ் பெற்ற தட்டு 1969ஆம் ஆண்டு கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளில் தோன்றியது. பாப் டிலன் என்னும் பாடகர் 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் கச்சேரிப் பயணத்தை நிறுத்தியிருந்தார். ஆயினும் 1967இல் அவரும் தோழர்களும் ஒரு வீட்டின் நிலவறையிற் பாடிப் பதிந்த பாட்டுகள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. இளைஞர் இருவர் அவற்றிற் சிலவற்றையும், 1961இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பாடிய பாட்டுகளையும் சேர்த்து இரட்டைத் தட்டாக்கி வெறும் வெள்ளை உறையில் இட்டு விற்றனர். உறையிற் பாடகர் பெயர் இல்லை. பாட்டின் பெயர் இல்லை. வெளியிட்டவர் பெயரும் இல்லை. அந்த வெண்மையைக் கண்டே மக்கள் அதற்கு ‘கிரேட் ஒயிட் ஒண்டர்’, அதாவது ‘மாபெரும் வெள்ளை விந்தை’ என்று பெயரிட்டனர். நிலவறைப் பாட்டுகளிற் பலவற்றைக் கொலம்பியா கம்பெனியார் 1975இல் தாமே வெளியிட்டனர்.

அது கச்சேரித் தட்டு அன்று. கச்சேரித் தட்டு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. நவம்பர் 9ஆம் நாள் ஓக்லண்ட் நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவினர் கச்சேரி செய்தனர். தூரத்து ஒலியையும் குறிபார்த்து இழுக்கும் நீள மைக்கும், தோளில் தொங்கும் ஜெர்மன் டேப்புக் கருவியும் கூட்டத்துக்குள் சென்றன என்பர். ஒரு மாதத்துக்குள் தட்டு கடைக்கு வந்தது, விமரிசகர் புகழ்ந்தனர். கம்பெனி அதே பயணத்தில் நியூயார்க்கிற் பதிந்த கச்சேரி 1970 செப்டம்பரில்தான் வெளிவந்தது. கள்ளர் ஒரு மாதத்திற் செய்ததைக் கம்பெனியார் பத்து மாதத்திற் செய்தனர்.

மக்கள் ஏன் இவற்றை வாங்கினர்? கம்பெனித் தட்டு, பத்து முறை பாடி, பிழை நீக்கி, மெருகேற்றியது. கச்சேரி, ஒருமுறை நிகழ்ந்து மறைவது. அதில் இருமலும் உண்டு, கைத்தட்டலும் உண்டு, சுரம் தவறிய இடமும் உண்டு. தவறிய சுரத்தைப் பாடகர் எவ்வாறு பிடித்து மீண்டார் என்பதிலேதான் அவர் திறமை விளங்கும். இது வீண் ஆசையன்று, உண்மையான ரசனை. மறைபதிவுக்காரர்க்கு நாம் கொடுக்கும் புகழ் இவ்வளவே.

இனி அவர்தம் குற்றத்தையும் கூறுவோம். பெயரெழுதாதவன் பொய்யும் எழுதுவான். டிலன் 1966 மே 17ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து பிரீ டிரேட் மண்டபத்தில் பாடிய கச்சேரி, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்துக் கச்சேரி என்ற பெயரில் பல்லாண்டு விற்கப்பட்டது. மான்செஸ்டர் மக்கள் கூச்சலிட்டதை லண்டன் மக்கள் கூச்சலிட்டதாக உலகம் நம்பியது. 1998இல் கம்பெனியே அதனை முறைப்படி வெளியிட்டபோதும், அப்பொய்ப் பெயரை மேற்கோட்குறிக்குள் இட்டே வெளியிட வேண்டியதாயிற்று. அப்பொய் அவ்வளவு வேரூன்றிவிட்டது. கம்பெனியார் 1991 முதல் தம் சொந்த வரிசைக்கே ‘பூட்லெக் வரிசை’ என்று பெயரிட்டு விற்கின்றனர். திருட்டு என்று தூற்றிய சொல்லே இன்று விளம்பரச் சொல்!

சட்டம் வந்த வழி

பாடகர் சம்மதமின்றிக் கச்சேரியைப் பதிவதைத் தடுக்கும் உரிமையை 1961ஆம் ஆண்டு ரோமாபுரி உடன்படிக்கை உலகுக்கு அறிவித்தது. அமெரிக்கா அதிற் சேரவில்லை. அந்நாட்டிற் கம்பெனி வெளியிடும் ஒலிப்பதிவுக்கு மத்திய சட்டத்தின் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதல் கிடைத்தது. கச்சேரியிற் பாடுகிறவருக்கு அத்தகைய பாதுகாப்பு 1994இல்தான் வந்தது. முதலில் முதலாளியின் தட்டுக்குக் காவல். 22 ஆண்டு கழித்தே பாடுகிறவர் தொண்டைக்குக் காவல். இவ்வரிசையை வாசகர்கள் சிந்திப்பார்களாக.

இடையே 1985இல் டவுலிங் என்பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நுட்பமான தீர்ப்பொன்று கூறிற்று. எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை மறைபதிவாக விற்றவர் அவர். அவர் செய்தது பதிப்புரிமையை மீறிய குற்றமே. ஆனால் அத்தட்டுகள் திருட்டுச் சொத்துச் சட்டத்தில் சொல்லப்படும் ‘திருடிய பொருள்’ ஆகா என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். மாட்டைத் திருடினால் மாட்டுக்காரனிடம் மாடு இல்லை. பாட்டைப் பதிந்தால் பாட்டுக்காரனிடம் பாட்டு இருக்கிறது. இல்லாமற் போவது அவனுக்குச் சேரவேண்டிய கூலியும், எதை வெளியிடலாம் எதை வெளியிடலாகாது என்னும் அவன் விருப்பமுமே.

இதற்கு வேறு வழி உண்டா? உண்டு என்று கிரேட்புல் டெட் என்னும் அமெரிக்கக் குழுவினர் காட்டினர். தங்கள் கச்சேரியைப் பதிய விரும்புவோருக்கென்று 1984 அக்டோபர் முதல் மண்டபத்திலேயே தனியிடம் ஒதுக்கினர். பதிந்ததை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். விற்கலாகாது என்பதே ஏற்பாடு. சேர்ப்போர் டேப்பின் மேல் நாளும் ஊரும் மண்டபமும் பாட்டு வரிசையும் ஒழுங்காக எழுதிவைத்தனர். ஒளிய வேண்டாதபோது பொய்யெழுதவும் வேண்டாமற் போயிற்று.

பெயர் விடுபட்டால்

நாம் தோட்டத்திற் கிராணி வேலை பார்ப்பவர். காலைப் பெரட்டில் ஆளெண்ணிச் செக்ரோலிற் பெயர் பதிவது நம் தொழில். ஒருமுறை நம் கவனக் குறைவால் ஓர் அம்மாளின் பெயர் ஒருநாள் விடுபட்டது. சம்பள நாளன்று அவர் நம் மேசைமுன் வந்து நின்று, “கிராணி ஐயா, பழம் பொறுக்கினது என் கை. பேரு இல்லேன்னா அது யார் கை?” என்றார். கணக்கைத் திருத்திக் கொடுத்தோம். ஆனால் அக்கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. இவ்வரலாற்றைப் படித்தபோதெல்லாம் அதுவே காதில் ஒலித்தது.

வெள்ளை உறை விற்றவரிடமும் அதே கேள்வி. கிடங்கிற் பூட்டி வைத்த கம்பெனியாரிடமும் அதே கேள்வி. பார்க்கர் முடித்ததும் கருவியை நிறுத்திய அன்பரிடமும் அதே கேள்வி. மறைபதிவின் குற்றம் பதிந்ததில் இல்லை. பதியாவிடில் டி ரெஸ்கேயின் குரலை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். உழைத்தவர் பெயரையும் கூலியையும் பதியாமல் விட்டதிலேதான் குற்றம். அக்குற்றத்தில் கள்ளருக்கும் கம்பெனியாருக்கும் சமபங்கு உண்டு.

இது மேல்நாட்டு வழக்குத்தானே என்று நம் தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1987இலேயே பதிப்புரிமைச் சட்டங்கள் செய்யப்பட்டன. அதற்குப் பின்னரும் நம் இளமைப் பருவத்தில் இராச்சந்தைக் கடையிற் குவித்து வைத்த சினிமாப் பாட்டுக் கள்ளத்தட்டுகளை நாமும் வாங்கியதுண்டு. எவர் பாடினார், எவர் இசைத்தார் என்று உறையைப் புரட்டிப் பார்த்ததில்லை. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் மேப்பிள்சன் கருவி இருக்கிறது. தோட்டத்துத் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கினால் நூறு கைப்பேசிகள் உயர்கின்றன. அன்றிரவே அவ்வொலி உலகைச் சுற்றுகிறது. கோயிலின் பெயர் இருக்கிறது. படம் பிடித்தவர் பெயர் இருக்கிறது. தோல் வார்த்து, விரல் தேய, இரவெல்லாம் அடித்த அந்த இளைஞர்களின் பெயர் எங்கே?

தோழர்களே, பதிவு செய்யுங்கள். வேண்டா என்று நாம் சொல்லோம். ஆனால் பதியுமுன் அடிப்பவரைக் கேளுங்கள். பதிந்தபின் உறுமி யார், தவில் யார், பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதனாற் காசு வருமாயின் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். நூறு ஆண்டு கழித்து எவரேனும் அவ்வொலியைக் கேட்டால், இது யார் கை என்று கேட்க வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.